பையன் பாட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. எந்த ‘ற’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் குழப்பம்தான். டீக்கடைக்கு வரும் உங்கள் புத்தகத்தில் வாசகர்கள் எழுதுகிற இந்தப் பக்கத்தைத்தான் முதலில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தப்பாக இருப்பதை நீங்களே திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தது போன வருஷம், போடியிலும் போடிமெட்டு ஏறும் ரோட்டிலும். நான் சிலமலைக்காரன். ஜீப் ஓட்டுகிறேன். விடிந்தும் விடியாமலும் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் வரை அங்கேயே காத்திருந்து திரும்பக் கூட்டிவருவேன். இருபத்தாறு வருஷமாக இதே சோலிதான்.

எனக்குச் சத்தம் வராது. ஊமை இல்லை, கூச்சம். கடையில் நாலு பேர் நின்றால் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவேன். மற்ற டிரைவர்கள் ஷெட்டில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். நான் வண்டிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே பையன். இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். அவனும் என்னைப் போலத்தான். அவன் அம்மாவிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவான். வாசற்படி தாண்டினால் குரல் அடங்கிவிடும்.

போன வருஷம் தைப்பொங்கலுக்கு வந்தவன், ஒருநாள் காலையில், “நானும் மேல வர்றேம்ப்பா” என்று வண்டியில் ஏறினான். பெண்களை ஏற்றப் போடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வண்டி பிளேயரில் செருகினான். “ஒரு பாட்டுக் கேளுங்கப்பா” என்றான். அவனாக எனக்கு ஒன்றைக் காட்டியது, அவன் பெரியவனான பிறகு அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் ஒற்றைக் கிதார் சத்தம். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம் ஒரேயடியாக எல்லாம் விழுந்தது. டிரம், கிதார், அதற்கு மேல் ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். எனக்கு ஸ்டியரிங்கே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் பென் டிரைவைப் பிடுங்கி எடுத்தேன்.

“காலங்காத்தால என்னடா இது, செத்த வீட்டுல கத்துற மாதிரி!” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது. நான் அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினேன். அன்றைக்கு முழுக்க அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி எடுக்கும் நேரத்தில் சாவு, செத்த வீடு என்கிற பேச்சே வாயில் வரக்கூடாது. மலை ஏறுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் இறங்கி, தண்ணீர் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவோம். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கொப்பளிக்கவும் இல்லை.

மாசி மாதம் அவன் வேலைக்குப் போகும்போது பைக்கில் லாரி மோதிவிட்டது.

அதைப் பற்றி நிறைய எழுத என்னால் முடியாது. கொண்டுவந்தோம். வீட்டில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் மனைவி மண்ணில் உருண்டாள். நான் நாற்காலி போட்டேன், தண்ணீர்க் குடம் நிரப்பினேன், வந்தவர்களின் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தினேன். அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ வந்து தொண்டையில் நின்றுகொள்ளும், அவ்வளவுதான். மச்சான் முறையில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, “அழுதிரு மாப்ளே, நெஞ்சை அடைச்சுரும்” என்று உலுக்கிப் பார்த்தார். வரவில்லை.

பதினாறாம் நாள் எல்லாரும் போன பிறகு மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஏய்யா, பெத்த புள்ளைக்கு ஒரு சத்தம் போட்டு அழத் தெரியல. உன் தொண்டையில என்ன கல்லா கெடக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சோறு வைத்துவிட்டு, “வச்சிருக்கேன்” என்பாள். நான் சாப்பிட்டுவிட்டு, “போறேன்” என்பேன். காலையில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் நான் சொன்ன அந்தச் சொல்தான் முன்னால் வந்து நிற்கும். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் என் முகத்திலேயே முழிக்கமாட்டாள் என்று பயம்.

சித்திரையில் ஒருநாள் தோட்டத்தில் காத்திருக்கும்போது, தீப்பெட்டிக்காக டேஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டேன். பென் டிரைவ் கையில் தட்டியது. அதை மறந்தே போயிருந்தேன். வெகு நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செருகினேன்.

மொத்தம் பதினோரு பாட்டு. முதல் நாள் கேட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை. தகர ஷெட்டில் மரம் முறிந்து விழுகிற மாதிரி இருந்தது. இங்கிலீஷ் என்று தெரியும், என்ன சொல்கிறான் என்று தெரியாது. ஆனாலும் முடியும் வரை கேட்டேன். அவன் கேட்டது என்பதற்காகக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். அப்புறம் தினமும்.

கேட்கக் கேட்கத்தான் ஒன்று தெரிந்தது. அந்த ஆளுக்குக் கோபம் இல்லை. கோபத்தில் கத்துகிறவன் யாரையாவது பார்த்துக் கத்துவான். இவன் எதிரே யாரும் இல்லை. இருந்தவர் போய்விட்ட மாதிரிக் கத்துகிறான். நடுநடுவே இன்னொரு குரல் வரும். அதுவும் அவனுடையதுதானா, வேறு ஆளா, எனக்குத் தெரியாது. குழந்தையைத் தூங்கப்போடுகிற மாதிரி மெதுவாகப் பாடும். ஒருவன் கத்துகிறான், ஒருவன் தேற்றுகிறான். கத்துகிறவன் தேறமாட்டேன் என்கிறான்.

நாலாவது பாட்டில் ஒரு இடம் உண்டு. வேகமாக ஓடிக்கொண்டிருந்த டிரம் திடீரென்று மெதுவாகும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். முழு ஆளோடு பதினோராவது வளைவில் முதல் கியரில் ஏறும்போது வண்டி மொத்தமும் நடுங்குமே, நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாதே, அந்த மாதிரி. அந்த இடம் வந்தால் என் தொண்டையில் நிற்கிறது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு ஒன்றும் இருக்காது. அவன் மூச்சு வாங்குவது மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அதோடு சரி.

பையன் இதில் என்னத்தைக் கண்டான் என்று யோசித்து யோசித்து, எனக்குத் தெரிந்த அளவில் ஒரு பதிலுக்கு வந்தேன். சத்தம் வராதவனுக்காக அந்த ஆள் கத்திக் கொடுக்கிறான். நானும் பையனும் அப்படிப்பட்டவர்கள்தானே. ஆனால் இருபத்து மூன்று வயதில் அவனுக்கு இவ்வளவு கத்தவேண்டிய துக்கம் என்ன என்பது தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் மழை வெளுத்து வாங்கியது. பெண்கள் கஞ்சி குடிக்க வண்டிக்கு ஓடிவந்துவிட்டார்கள். நான் பாட்டை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். எப்போதும் முன் சீட்டில் உட்காரும் அக்கா ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வாய்க்கு எங்கள் தோட்டத்துச் சூப்பர்வைசரே பயப்படுவார்.

“என்னா தம்பி, எவனையும் சக்கரத்துக்கு அடியில விட்டு ஏத்திட்டியா? இந்தக் கத்துக் கத்துறான்!” என்றார். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள்.

“பையன் பாட்டுக்கா,” என்றேன்.

சிரிப்பு நின்றுபோனது. மழைச் சத்தமும் அந்தப் பாட்டும் மட்டும் கேட்டன. நான் நிறுத்தப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டார். “இருக்கட்டும். புள்ள கேட்டதுதான.”

கஞ்சி குடித்து முடிக்கும் வரை ஓடியது. பின்னால் இருந்த ஒரு பெண், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எம்புருசன் செத்தப்ப எனக்கு இப்பிடிக் கத்தத்தான் தோணுச்சு. புள்ளைக பயந்துருங்களேன்னு ராகம் போட்டு அழுதேன்.”

அதிலிருந்து தினமும் இறங்கும்போது கடைசி இரண்டு வளைவு வரும்போது, முன் சீட்டு அக்காவே கேட்பார். “பையன் பாட்டைப் போடு தம்பி.” சிலருக்குப் பிடிக்காது. முக்காட்டைக் காதோடு இழுத்து மூடிக்கொள்வார்கள். ஆனால் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

இவ்வளவும் என் மனைவிக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பென் டிரைவைச் சொன்னால் அதைப் பிடுங்கியதைச் சொல்லவேண்டும். பிடுங்கியதைச் சொன்னால் அந்தச் சொல்லையும் சொல்லவேண்டும்.

ஆடி பிறந்தது. ஏலக்காய் எடுப்பு சூடு பிடிக்கிற நேரம். முதல் வெள்ளிக்கு வண்டியில் அம்மன் பாட்டு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். எங்கள் வண்டிகளில் அது வழக்கம். நான் பையனுடைய பென் டிரைவையே எடுத்துக்கொண்டு போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். வேறு ஒன்று வாங்கியிருக்கலாம். அவனுடையதிலேயே அம்மன் பாட்டும் இருக்கட்டும், ஒரு காவல் மாதிரி, என்று நினைத்துவிட்டேன். கடையில் கூட்டம். “அம்மன் பாட்டு ஏத்தணும்” என்று கொடுத்தேன். கடைக்காரர் ஒரு கையில் யாருக்கோ போன் மாட்டிக்கொண்டே, மறு கையில் வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார்.

“பழசை அழிக்காமச் சேத்துக் குடுங்க” என்று சொன்னேன். சொன்னது சத்தியம். ஆனால் என் காதுக்கே அது கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டும் என்று நினைத்தேன். முன்னால் நாலு பேர் நின்றார்கள். திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டு நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை மலை ஏறும்போது அம்மன் பாட்டு ஓடியது. பெண்கள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பையன் பாட்டு இருக்கிறதா என்று பட்டனை அமுக்கினேன். அம்மன் பாட்டு. மறுபடி அமுக்கினேன். அம்மன் பாட்டு. ஆறாவது வளைவு வரை அமுக்கிக்கொண்டே போனேன். ஓரத்தில் வண்டியை நிறுத்தி, “இஞ்சின் சூடாயிருச்சு” என்று சொல்லி இறங்கி, பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். “அண்ணே, அது முழுசா அழிச்சிட்டு ஏத்துனது. திரும்ப வராது. பாட்டுப் பேரு சொல்லுங்க, ஒரு நிமிசத்துல எடுத்துத் தர்றேன்” என்றார். பேர் எனக்குத் தெரியாது. பையனுடைய போன் லாரிக்கு அடியிலேயே நொறுங்கிவிட்டது. அவனோடு தங்கியிருந்தவர்கள் துக்கத்துக்கு வந்துவிட்டுப் போனார்கள், நம்பர் வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. “சரி, எப்பிடி இருக்கும்னாவது சொல்லுங்க” என்றார். “கத்துவான்” என்றேன். அவரும் எதையெதையோ தேடி, போனில் போட்டுக் காட்டினார். ஒன்றில் ஏலம் விட்டார்கள். ஒன்றில் சாமியாடினார்கள். ஒன்றில் சேவல் கூவியது. எதுவும் இல்லை. “கொஞ்சம் பாடித்தான் காட்டுங்களேன்” என்றார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நான் ஒரு போன் கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படி மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குப் பாடிக் காட்டிவிடவேண்டும் என்று வளைவுக்கு வளைவு மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். கடை வாசலில் ஏறினால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சார்ஜரும், காதில் மாட்டுகிற ஒயரும் வாங்கி வந்ததுதான் மிச்சம்.

பாட்டு போனதுகூடப் பெரிதில்லை, அது என் தலைக்குள்ளிருந்தும் போக ஆரம்பித்ததுதான் கொடுமை. முதல் வாரம் பதினொன்றும் நினைவில் இருந்தது. ஆவணி வந்தபோது ஏழாவதும் எட்டாவதும் கலந்துவிட்டன. பையன் இரண்டாம் தடவை போய்க்கொண்டிருக்கிறான், இந்தத் தடவை நானே அழித்தேன் என்று இருந்தது.

முன் சீட்டு அக்கா விடவில்லை. “பையன் பாட்டு எங்க தம்பி?” என்று கேட்டுக் கேட்டு என் வாயிலிருந்து வாங்கிவிட்டார். “அடக் கூறுகெட்டவனே, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா? ஞாயித்துக்கெழமை வர்றேன். நீ வாயைத் தொறக்கவேணாம், நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எப்பா கடைக்காரா, இவரு மகன் கேட்ட பாட்டை நீதான அழிச்ச? பாடிக் காட்டுறேன், கேட்டு எடுத்துக் குடு” என்றார். தொண்டையைச் செருமிவிட்டு, “ஊஆ… ஊஆ…” என்று ஆரம்பித்தார். காட்டுப்பன்னியை விரட்டுகிற மாதிரி இருந்தது. கடையே சிரித்தது. அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இருங்கப்பா, இன்னொரு பாட்டு இருக்கு” என்று வேறு மாதிரிக் கத்தினார். ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

அவர்கள் சிரிப்பது பையனை என்று தோன்றிவிட்டது.

“அப்பிடி இல்லக்கா” என்றேன்.

நாலாவது பாட்டின் அந்த மெதுவான குரலை முனகினேன். கண்ணை மூடிக்கொண்டேன். அது முடிந்து டிரம் ஒவ்வொன்றாக விழும் இடம் வந்தது. காலால் தரையைத் தட்டினேன். அடுத்தது அவன் கத்தவேண்டும். வாயைத் திறந்தேன்.

வந்தது பாட்டு இல்லை. மாசி மாதத்திலிருந்து தொண்டையில் நின்றது அது. எனக்குள் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தது பிறகு சொல்லித்தான் தெரியும். படம் பிடித்தவர் போனை இறக்கிவிட்டாராம். முன் சீட்டு அக்கா என் முதுகில் கை வைத்து, “விடு அப்பு, விடு. வரட்டும்” என்று சொல்வது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினேன். ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு காலேஜ் பெண், மூலையில் நின்றவள், மெதுவாகச் சொன்னாள். “எனக்குத் தெரியும் அங்கிள். அது நாலாவது பாட்டு.”

அவள் போனிலேயே அது இருந்தது. முதல் பாட்டிலிருந்து போட்டுக் காட்டினாள். அதே ஒற்றைக் கிதார், தார்ப்பாயில் சொட்டுகிற தண்ணீர். இந்த மாதிரிக் கத்திப் பாடுகிற பாட்டுக்கு மெட்டல்கோர் என்று பேராம். பதினொன்றும் தனித்தனிப் பாட்டு இல்லையாம், ஒரே ஆல்பமாம், வரிசையாகக் கேட்கவேண்டுமாம். “எங்க ஹாஸ்டல்ல இதைக் கேட்டு அழாத ஆளே இல்ல அங்கிள். இதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் இவங்களைக் கேட்டுத்தான் கத்தவே கத்துக்கிட்டாங்க” என்றாள். கடைக்காரர் ஒரு புது பென் டிரைவை எடுத்து அவளிடம் வாங்கி ஏற்றிக் கொடுத்தார்.

“என்ன அர்த்தம்னு சொல்லட்டுமா அங்கிள்?” என்று அவள் கேட்டாள்.

“வேணாம்மா” என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நான் பையனை நினைத்துக்கொண்டு கேட்டதற்கு அர்த்தம் வேறு ஏதாவதாக இருந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

போடியில் கத்தினால் சிலமலையில் கேட்கும். எனக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி வாசலில் நின்றாள். “கடைத்தெருவுல நின்னு கத்துனியாமே? என்னய்யா ஆச்சு உனக்கு?” பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவளை ஜீப்புக்குள் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு அவன் போட்டுக் காட்டியது, நான் பிடுங்கியது, செத்த வீட்டில் கத்துகிற மாதிரி என்று சொன்னது, கொப்பளிக்காமல் மலை ஏறியது. “நான்தான் அவனுக்கு வாய் வச்சுட்டேன்” என்றேன்.

அவள் கையை நீட்டிப் பிளேயரின் சத்தத்தைக் குறைத்தாள்.

“அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்டச் சொல்லிட்டான்யா” என்றாள். “விழுந்து விழுந்து சிரிச்சான். ‘கூட இருக்கிற பயலுக எல்லாம் சண்டைப் பாட்டுன்னு நெனைக்கிறாங்கம்மா. அப்பாவுக்கு ஒரு நிமிசத்துல வெளங்கிருச்சு. செத்தவங்களுக்காகக் கத்துறதுதான் அது. அடுத்த தடவை வந்து அவர்கூட உக்காந்து முழுசாக் கேக்கணும்’னான்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீ எங்கிட்டச் சொன்னியா?”

“அவனுக்கு அப்பிடி என்ன துக்கம்?” என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தெரியாதது அவளை இன்னும் அதிகமாக உடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். “நீ எறங்கு. நான் தனியாக் கேக்குறேன்” என்றாள். இறங்கினேன். தகரக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

சாரல் போட்டுக்கொண்டிருந்தது. நான் வெளியே நின்றேன். டிரம் விழும்போதெல்லாம் தகரக் கதவு அதிர்ந்தது. நாலாவது பாட்டு வந்தபோது உள்ளே இரண்டு பேர் கத்துவது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே சத்தம்?” என்றார். “எங்க பையன் பாட்டு” என்றேன். அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். பதினொன்றாவது முடிந்து, மூச்சு வாங்குவதும் முடிந்து, வெகு நேரம் கழித்துத்தான் அவள் கதவைத் திறந்தாள்.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம், நிறைய இல்லை, தேவைக்கு. சில ஞாயிற்றுக்கிழமை அவளே சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்காருவாள். ஒரு சில நாள் என்னையும் கூப்பிடுவாள். தினமும் மலை ஏறும்போது முன் சீட்டு அக்கா கேட்பதற்கு முன்னாலேயே நான் போட்டுவிடுகிறேன். முதல் வளைவில் ஆரம்பித்தால் பதினேழாவது தாண்டியும் முடிவதில்லை. மெட்டைத் தாண்டினால்தான் அந்த மூச்சுச் சத்தம் வரும். ஒவ்வொரு நாளும் அது வரும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் கை மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால், இதை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது கேட்டு முடித்திருப்போம்.

எழுத ஆரம்பித்தது இந்த வருஷம் ஆடியில். முடித்தது கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.